திறந்திருப்பார்

சலவை ஆலையில் எல்லோரும் அவனைப் பண்டிதன் என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டம் கொடுத்தது தங்கச்சியின் கணவர். சாப்பாட்டு இடைவேளையில் மற்றவர்கள் காலை நீட்டிக் கண்ணை மூடினால், இவன் மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பிரெஞ்சு வினைச்சொற்களை உருப்போட்டுக்கொண்டிருப்பான். ஜொரே ஃபே, த்யு ஓரே ஃபே, இல் ஓரே ஃபே. செய்திருப்பேன், செய்திருப்பாய், செய்திருப்பான். சத்தம் வெளியே வராது, உதடு மட்டும் அசையும். தள்ளி நின்று பார்த்தால் யாரையோ மனசுக்குள் திட்டித் தீர்க்கிற மாதிரி இருக்கும்.

"பண்டிதரே, இன்னிக்கு எந்தக் காலம் ஓடுது?" என்று மாப்பிள்ளை கேட்பார்.

இது இறந்தகாலம், அதிலும் நடக்காமல் போன இறந்தகாலம் என்று அவன் பொறுமையாகப் பதில் சொல்வான்.

"நமக்கு ஒரே காலம்தான் மச்சான், கெட்ட காலம். அதுக்குப் போய் இத்தனை விகுதி மனப்பாடம் பண்ணணுமா?"

ஆலையில் தமிழ் தெரிந்த நாலைந்து பேரும் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரித்துவிடுவான். மாப்பிள்ளை கிண்டல் பண்ணினால் யாருக்கும் கோபம் வராது. அவர் வாய் அப்படி.

பண்டிதனுக்கு நாற்பது தாண்டியிருந்தது. கல்யாணம் கூடிவரவில்லை. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று தட்டிப்போய், கடைசியில் கேட்பவர்களும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். தங்கச்சி வீட்டின் பின்னறையில் இருந்தான். தங்கச்சி, மாப்பிள்ளை, அவர்களின் சின்னப் பெண், இவன். பின்னறை என்றால் கட்டிலும் ஒரு ஜன்னலும் மட்டும். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் துணிக்கொடி. அந்த வீட்டுக்குக் கை கால் மாப்பிள்ளை என்றால் வாய் பண்டிதன்தான். டாக்டரிடம் போனாலும், மின்சார அலுவலகத்துக்குப் போனாலும், குழந்தையின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டாலும் இவன் போய்த்தான் பேச வேண்டும். தங்கச்சிக்கு வணக்கம், நன்றி, எவ்வளவு என்ற மூன்று சொல்லோடு சரி. "அண்ணன் இருக்கும்போது நான் எதுக்கு வாயை உடைச்சுக்கணும்" என்பாள்.

சனிக்கிழமை மதியம் நூலக மாடியில் பெரியவர்களுக்கான வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுத்தவள் இவனை விடப் பத்து வயதாவது சின்னவள். பலகையில் எழுதிவிட்டு விரலில் ஒட்டிய மையைப் பாவாடையிலேயே துடைத்துக்கொள்வாள். மொத்த வகுப்பிலும் வீட்டுப்பாடத்தை ஒழுங்காகச் செய்து வருகிறவன் இவன் ஒருவன். இரண்டாம் நிலைத் தேர்வில் தேறிவிட்டால் ஆலையிலேயே ஷிப்டு கண்காணிப்பாளர் வேலை கிடைக்கும் என்று ஒரு பேச்சு இருந்தது. நாற்காலி உண்டு, முழங்காலுக்கு ஓய்வு உண்டு. ஆனால் அவன் படித்தது நாற்காலிக்காக மட்டும் இல்லை. அவனுக்கு அது பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

அதிலும் இந்தக் காலம் ரொம்பப் பிடித்திருந்தது. டீச்சர் அதை அறிமுகப்படுத்திய அன்று பலகையில் ஒரு வீடு வரைந்து, இது நடக்காத காரியங்கள் குடியிருக்கிற வீடு என்று சொன்னாள். அப்படி நடந்திருந்தால் இப்படிச் செய்திருப்பேன். அப்படி நடக்கவில்லை, அதனால் இப்படிச் செய்யவில்லை. இந்தக் காலத்தில் ஒன்றைச் சொன்னாலே அது நடக்கவில்லை என்று பொருள், மறக்காதீர்கள் என்று இரண்டு தரம் சொன்னாள். தேர்வில் கேட்பதும் இதைத்தான்.

பண்டிதன் அன்று வீடு வரைக்கும் நடந்தே போனான். அப்பா அந்தக் கடையை விற்காமல் இருந்திருந்தால் நான் படித்திருப்பேன். அந்தப் பெண்ணின் மாமன் குறுக்கே வராமல் இருந்திருந்தால் எனக்கு ஒரு பிள்ளை இருந்திருக்கும். அந்தப் பிள்ளை இந்நேரம் என் தோளுக்கு வளர்ந்திருப்பான். ஒவ்வொன்றையும் பிரெஞ்சில் கட்டிப் பார்த்தான். கட்டக் கட்ட ஒரு மாதிரி ஆறுதலாக இருந்தது. தமிழில் நினைத்தால் நெஞ்சை அடைக்கிற சமாசாரமெல்லாம் அந்த மொழியில் துணை வினை சரியா, விகுதி சரியா என்ற கணக்காகிவிடும்.

ஆலை வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் அழுக்குத் துணி வண்டி வண்டியாக வரும். ஒரு நீண்ட குழாய் மாதிரியான இயந்திரம் அதைத் துவைத்துத் தள்ள, அதன் முடிவில் ஒரு அழுத்தி தண்ணீரைப் பிழிந்து துணியை வட்டமான பெரிய கட்டியாக வெளியே விடும். அந்தக் கட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு வண்டி தண்டவாளத்தில் தானாக ஓடிப் போய் உலர்த்தியில் கொட்டிவிட்டுத் திரும்பும். ஆள் இல்லாத வண்டி. குறுக்கே என்ன இருந்தாலும் அதற்குத் தெரியாது. அதனால் அது ஓடுகிற இடத்தைச் சுற்றி இரும்புக் கம்பி வேலியும் ஒரு கதவும் போட்டிருந்தார்கள். கதவைத் திறந்தால் வண்டி நின்றுவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

ஆனால் துணி அடிக்கடி வழியில் விழும், சிக்கும். ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து, வண்டியை நிற்கவைத்து, மறுபடி ஓடவிட ரொம்ப நேரம் பிடித்தது. லாரிகள் வாசலில் காத்துக்கிடந்தன. எப்போதோ ஒருநாள், மேலே இருந்து வந்த வாய்வார்த்தையின் பேரில், மேஸ்திரி கதவின் சுவிட்ச் மேல் ஒரு காந்தத்தை வைத்து டேப் ஒட்டிவிட்டார். அதற்குப் பிறகு கதவு திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் இயந்திரத்துக்கு மூடியதாகவே கணக்கு. வண்டி அந்தப் பக்கம் போகிற நேரம் பார்த்து உள்ளே நுழைந்து, விழுந்த துணியை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள். எல்லோரும் செய்தார்கள். மேஸ்திரியும் செய்தார்.

அன்று செவ்வாய்க்கிழமை, காலை ஷிப்டு. பண்டிதன் உலர்த்திகளின் மறுபக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தான். கட்டி வந்து விழுகிற சத்தம் நின்றுபோனது கொஞ்சம் கழித்துத்தான் அவன் காதில் உறைத்தது. என்ன தாமதம் என்று சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தான். வேலிக் கதவு திறந்து கிடந்தது. மேஸ்திரி உள்ளே மண்டியிட்டிருந்தார். வண்டிக்கும் உலர்த்தியின் வாய்க்கும் நடுவில் மாப்பிள்ளை இருந்தார். பிழிந்த வெள்ளைத் துணி ஒன்று தோளில் கிடந்தது. பண்டிதன் அவரைக் கூப்பிட்டான். பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டான், முகத்தைப் பார்த்ததும் அது வீண் என்று தெரிந்துபோயிற்று.

கதவு முன்பே திறந்திருந்ததா, மேஸ்திரி ஓடிவந்து திறந்தாரா, மாப்பிள்ளை உள்ளே ஏன் போனார், எதையும் அவன் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. மறுநாள் காலை சுவிட்ச் மேல் காந்தமும் இல்லை, டேப்பும் இல்லை, ஒட்டியிருந்த பிசுக்குக்கூட இல்லாமல் யாரோ துடைத்திருந்தார்கள்.

சவப்பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அந்தச் சேதியையும் தங்கச்சிக்குச் சொன்னது பண்டிதன்தான். அவன்தானே வாய்.

அடக்கம் முடிந்து இரண்டாம் நாள் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். கண்ணாடிக் கதவு போட்ட அறை, மூலையில் ஒரு செடி, மேசையில் கண் துடைக்கக் காகிதப் பெட்டி. தலைமை அலுவலகத்திலிருந்து பாதுகாப்பு அதிகாரி ஒருவரும் வந்து உட்கார்ந்திருந்தார். மேனேஜர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். உங்கள் குடும்பத்துக்கு நேர்ந்தது எங்களுக்கும் நேர்ந்ததுதான் என்றார். விபத்து நடந்த விதம் பற்றி ஒரு வாக்குமூலம் எழுதியிருப்பதாகவும், பக்கத்தில் இருந்தவன் என்ற முறையில் அவன் கேட்டுச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் வரவழைக்கலாம், அடுத்த வாரம் ஆகிவிடும், என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

தேவையில்லை என்றான் பண்டிதன். பிரெஞ்சில் சொன்னான், முழு வாக்கியமாகச் சொன்னான்.

மேனேஜர் பாதுகாப்பு அதிகாரியைத் திரும்பிப் பார்த்து, என் மகன்கூட இவ்வளவு சுத்தமாகப் பேசுவதில்லை என்றார். துக்கத்தில் கரைந்துபோயிருந்த அந்த நேரத்திலும் பண்டிதனுக்கு உள்ளே எங்கோ குளிர்ந்தது. பின்னால் அவன் தன்னை மன்னிக்காதது இந்த ஒன்றைத்தான். கையெழுத்தைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். அந்தக் குளிர்ச்சியை வைக்க இடமில்லை.

அதிகாரி நிதானமாக வாசித்தார். வேலி எதற்கு, கதவு எதற்கு, பாதுகாப்புச் சுவிட்ச் எதற்கு என்றெல்லாம் வந்தது. சரிதான் என்று தலையாட்டினான். பிறகு அந்த இடம் வந்தது. லா விக்தீம் ஓரே உவேர் லா கிரீ. எல் ஸெரே ஆந்த்ரே. பாதிக்கப்பட்டவர் கதவைத் திறந்திருப்பார், உள்ளே நுழைந்திருப்பார்.

பாதிக்கப்பட்டவர் என்ற சொல் அந்த மொழியில் பெண்பால். அதனால் மாப்பிள்ளை அந்த இரண்டாவது வாக்கியத்தில் 'அவள்' ஆகியிருந்தார். அவர் இருந்திருந்தால் இதை வைத்து ஒரு மாதம் சிரிக்கவைத்திருப்பார் என்று பண்டிதனுக்குத் தோன்றியது. நுழைவது என்ற வினைக்கு வேறு துணை வினை வரும், அவன் எப்போதும் தப்பு விடுகிற இடம் அது, அதிகாரி சரியாகப் போட்டிருக்கிறார் என்பதையும் கவனித்தான். திறந்திருப்பார், நுழைந்திருப்பார். அதாவது திறக்கவில்லை, நுழையவில்லை. வாக்கியத்தின் முன்பாதியைக் காணோமே என்று ஒரு கணம் இடறியது. அதையும் அவனே இட்டு நிரப்பிக்கொண்டான். சுவிட்ச் சரியாக இருந்திருந்தால் கதவைத் திறந்திருப்பார், வண்டி நின்ற பிறகு உள்ளே நுழைந்திருப்பார். நியாயமாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தான். சுவிட்சை முடக்கிவைத்ததை நேரடியாக எழுத அவர்களுக்குக் கூச்சம், இப்படிச் சுற்றி வளைத்து ஒப்புக்கொள்கிறார்கள் என்று நினைத்தான். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

வீட்டில் தங்கச்சியிடம், ஒழுங்காகத்தான் எழுதியிருக்காங்க என்று சொன்னான். அவள் சரி என்றாள். குழந்தையின் சட்டையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அண்ணன் சொன்னால் அது முடிந்த காரியம்.

சில வாரம் அவன் வகுப்புக்குப் போகவில்லை. சனிக்கிழமை மதியத்தில் கூடத்தில் வெறுமனே உட்கார்ந்திருப்பான். தங்கச்சிதான் ஒருநாள் பொறுக்க முடியாமல், "எழுந்து போண்ணா. இங்க உக்காந்து என் மூஞ்சியையே பாத்துட்டு இருந்தா எனக்கு அழக்கூட முடியல" என்று துரத்தினாள்.

போனான். டீச்சர் அவனைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து மெதுவாகத் துக்கம் விசாரித்தாள். பிறகு பாடம் தொடங்கியது. அதே காலம்தான், ஆனால் அதற்கு இன்னொரு உபயோகம் இருக்கிறது, தேர்வுக்கு வராது, செய்தித்தாள் படிக்க உதவும் என்று சொல்லிவிட்டுப் பலகையில் எழுதினாள். லெ வொலோர் ஸெரே ஆந்த்ரே பார் லா ஃபெனேத்ர். திருடன் ஜன்னல் வழியாக நுழைந்திருப்பான்.

முன்வரிசையில் இருந்த சமையற்காரர் கையைத் தூக்கி, அப்படியானால் திருடன் நுழையவில்லை, சரியா என்று கேட்டார்.

இல்லை, நுழைந்தான் என்றாள் டீச்சர். நுழைந்ததாகச் சொல்கிறார்கள். எழுதுகிறவருக்கு உறுதியாகத் தெரியாது, நாளைக்குத் தப்பென்று ஆனால் மாட்டிக்கொள்ளவும் விருப்பமில்லை. அதனால் இந்தக் காலத்தைப் போட்டுக் கையைக் கழுவிக்கொள்கிறார். செய்தித்தாளில், போலீஸ் அறிக்கையில், விபத்து அறிக்கையில் எல்லாம் இது சாதாரணம்.

அதே வினை. அதே துணை வினை. பண்டிதன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.  டீச்சரின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பக்கத்தில் இருந்தவர் தோளைத் தொட்டபோதுதான் தான் எழுந்து நின்றுகொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது.

நடைக்கூடத்தில் டீச்சர் பின்னாலேயே ஓடிவந்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போது அவன் பிரெஞ்சு உடைந்துபோயிற்று. காலம், விகுதி எதுவும் நிற்கவில்லை. திறக்க, கதவு, அவர், நான் கையெழுத்து என்று துண்டு துண்டாக வந்தது. அவளுக்குப் புரிந்தது. சுவரில் சாய்ந்துகொண்டாள். இரண்டு உபயோகத்தையும் ஒரே நாளில் சொல்லியிருக்க வேண்டும், குழம்பிவிடுவீர்களே என்று பிரித்து வைத்தேன் என்றாள். அவள் மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. யார் மேலாவது வந்தால் நன்றாயிருக்கும் போல இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது தங்கச்சி குளியலறைத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் போனதிலிருந்து தேய்த்த இடத்தையே தேய்ப்பதும் துடைத்த இடத்தையே துடைப்பதுமாக இருந்தாள். அவன் வாசற்படியில் நின்றபடியே சொன்னான். நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் மாப்பிள்ளை கதவைத் திறந்திருப்பார் என்று எழுதியிருந்தது, திறக்கவில்லை என்று அர்த்தம் பண்ணிக்கொண்டேன் என்றான். இலக்கணத்தை விளக்கப் பார்த்தான். அந்த வீட்டுப் படத்தைக்கூடக் கையால் காற்றில் வரைந்து காட்டினான்.

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"திறந்திருப்பார்னா திறந்தார்னுதானே அர்த்தம்?"

"இல்லம்மா, அந்த மொழியில—"

"அந்த மொழிய விடு. நாம எப்படிப் பேசுவோம்? பாத்திரத்துல பால் இல்ல. பூனை குடிச்சிருக்கும்னு சொல்றோம். பூனை குடிக்கலன்னா அதுக்கு அர்த்தம்?"

 பிறந்ததிலிருந்து பேசுகிற பேச்சு. குடித்திருக்கும், போயிருப்பான், செத்திருப்பான். எத்தனை ஆயிரம் தடவை அப்படிச் சந்தேகத்தைச் சொல்லியிருக்கிறான். புதிதாகக் கற்ற ஒரு விதிக்காக அத்தனையையும் வாசலிலேயே கழற்றிவைத்துவிட்டு அந்தக் கண்ணாடி அறைக்குள் போயிருந்தான்.

அவள் கையை உதறிவிட்டு எழுந்தாள். சோப்பு நுரை முழங்கை வரை வழிந்தது.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. உன் மனசுல என்ன இருந்துச்சு? அவர்தான் திறந்திருப்பார்னு நீயும் நினைச்சியா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான்.  "எனக்குத் தெரியாதும்மா. நான் பாக்கல. நாங்க எல்லாரும் திறப்போம். திறக்கச் சொல்லித்தான் வச்சிருந்தாங்க."

"நீயும் திறப்பியா?"

"திறப்பேன்."

"இத அந்தக் காகிதத்துல சொன்னியா?"

இல்லை என்றான் அவன். யாரும் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. அவள் குனிந்து வாளியை எடுத்துத் தண்ணீரைக் கொட்டினாள். அன்றிலிருந்து அவனுக்குத் தட்டு வைப்பாள், துணி மடித்து வைப்பாள், முகம் பார்த்துப் பேச மாட்டாள். குழந்தை வழியாகச் சொல்லியனுப்புவாள்: மாமாவைச் சாப்பிட வரச் சொல்லு.

திங்கட்கிழமை அவன் மேனேஜரிடம் போனான். அவர் மறுபடியும் எழுந்து வந்து கையைப் பிடித்தார். அவன் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு வருத்தப்பட்டார். வாக்குமூலம் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போய்விட்டது, மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள், அதையும் குறித்து வைத்திருக்கிறோம் என்றார். குரலில் மிரட்டல் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு நிலைமையை விளக்குகிற மாதிரி சொன்னார்.

மேஸ்திரியைத் துணி இறக்குகிற இடத்தில் மடக்கினான். அவர் அவன் கண்ணைப் பார்க்காமல் கையுறையைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். மாப்பிள்ளையோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்.

"எனக்கு மட்டும் வலிக்காதாடா? ஆனா நான் வாயைத் திறந்தா காந்தம் வச்ச கை என்னோடதுன்னு முடியும். வைக்கச் சொன்னவன் எங்கயும் எழுதித் தரலயே. எனக்கும் வீடு வாசல் இருக்குடா."

அதற்குள் ஆலையில் பேச்சு மாறியிருந்தது. நல்ல மனுஷன்தான், ஆனால் கொஞ்சம் அவசரக்காரர் என்றார்கள். விளையாட்டுப் புத்தி என்றார்கள். அவர் சொன்ன கிண்டல் ஒவ்வொன்றும் இப்போது அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது. யாரும் பொய் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் மேல் போய் ஒட்டிக்கொண்டது.

அரசாங்கத் தொழிலாளர் ஆய்வாளர் ஒரு வயதான அம்மா. பண்டிதன் தானாகவே அவர் அலுவலகத்துக்குப் போய் வெளியே காத்திருந்து பார்த்தான். சுவிட்ச், காந்தம், டேப், லாரிகள் எல்லாவற்றையும் சொன்னான். அந்த அம்மா குறித்துக்கொண்டார். முதலில் ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டார். இலக்கணத்தைச் சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அந்த வாக்கியத்தில் நீங்கள் பொய் எதுவும் சொல்லவில்லை, நீங்கள் பார்த்ததாகவும் சொல்லவில்லை, திறந்ததாகச் சொல்லப்படுகிறது என்றுதான் இருக்கிறது என்றார்.

யார் சொன்னது என்று கேட்டான் பண்டிதன்.

யாரும் இல்லை, அதற்குத்தான் அந்தக் காலம் என்றார் அந்த அம்மா.

பிறகு தங்கச்சியையும் அழைத்தார்கள். அவள் போனாள். அண்ணன் வேண்டாம், அரசாங்க மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பெண் மூலம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். பண்டிதன் கூடவே போய் நடைக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கதவின் அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது, சொல் பிடிபடவில்லை. வெளியே வந்தவள் நேராகப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். பேருந்தில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில்தான் உட்கார வேண்டியிருந்தது. பாதி வழியில் அவன் பொறுக்க முடியாமல் என்ன கேட்டார்கள் என்று கேட்டான்.

"தமிழ்ல கேட்டாங்க" என்றாள் அவள்.

குளிர் காலம் முடிந்த பிறகு முடிவு வந்தது. கதவு எப்படித் திறந்தது என்பதை உறுதிசெய்ய முடியவில்லை, விபத்துக்குப் பிறகு சோதித்தபோது பாதுகாப்புச் சாதனம் சரியாக இயங்கியது, மேல்நடவடிக்கைக்குப் போதிய ஆதாரம் இல்லை. அவ்வளவுதான். இந்தத் தடவை பண்டிதன் ஒரு வார்த்தையையும் தானாக அர்த்தம் பண்ணவில்லை. மொழிபெயர்ப்பாளர் போனில் படித்துச் சொல்ல, தங்கச்சி கேட்டுக்கொண்டாள். நன்றி என்று சொல்லிப் போனை வைத்தாள்.

பண்டிதன் அதற்கு முன்பே ஆலையை விட்டிருந்தான். யாரும் போகச் சொல்லவில்லை. ஒருநாள் காலை வாசல் வரை போனவனுக்கு அந்தச் சோப்பு வாசனை மூக்கில் ஏறியதும் கால் நகரவில்லை, திரும்பிவிட்டான். ஊரின் மறுகோடியில் ஒரு காய்கறிக் கிடங்கில் பெட்டி இறக்குகிற வேலை கிடைத்தது. அங்கே பேச வேண்டிய அவசியமே இல்லை. டீச்சர் போன் செய்தாள். எடுக்கவில்லை. பிறகு அவளும் விட்டுவிட்டாள்.

வேனில் தொடங்கியபோது மேனேஜர் தங்கச்சிக்குச் சொல்லியனுப்பினார். விருப்பமிருந்தால் ஆலையிலேயே வேலை தருவதாக. மொழி தெரியாதவர்களுக்கு இந்த ஊரில் வேறு எங்கே கதவு திறக்கும்? அவள் அலைந்து பார்த்துவிட்டுத்தான் இருந்தாள். பண்டிதன் குதித்தான். பட்டினி கிடந்தாலும் அங்கே போகக் கூடாது, நான் இன்னொரு வேலையும் சேர்த்துப் பார்க்கிறேன் என்றான். நீ மட்டும் எத்தனை பெட்டி தூக்குவாய் என்று கேட்டாள். முகத்தைப் பார்த்துக் கேட்டாள், அத்தனை மாதத்துக்கு அப்புறம். அவனுக்குச் சண்டை போடும் தெம்பு அந்தப் பார்வையிலேயே போய்விட்டது.

முதல் நாள் வேலை முடிந்து அவள் சாயங்காலம் வந்தாள். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். எந்த இடத்தில் போட்டிருக்கிறார்கள் என்று கேட்க அவனுக்குப் பயமாக இருந்தது. கேட்காமலே சொன்னாள். உலர்த்திகள் பக்கம். வேலிக்கு இந்தப் பக்கம்தான், ஆனால் பக்கத்தில்.

"அந்த வண்டிய பாத்தேன்" என்றாள். "சும்மா போயிட்டுப் போயிட்டு வருது." ஊறிய விரலைத் தேய்த்துக்கொண்டே, "உள்ள அப்படி ஒரு இரைச்சல். பேசினா கேக்காது. கத்தினாத்தான் கேக்கும்" என்றாள்.

அவன் ஆமாம் என்றான்.

"எனக்கு உன் காலமெல்லாம் வேண்டாம். நிறுத்துன்னு கத்தணும்னா எப்படிக் கத்தறது? அது ஒண்ண மட்டும் சொல்லிக்குடு."

"அரெத்தே."

"அரெத்தே" என்றாள், கடையில் விலை கேட்கிற குரலில்.

"அந்த 'ர' தொண்டையிலேர்ந்து வரணும். நாக்குல இல்ல."

மறுபடி சொன்னாள். இன்னும் நாக்கில்தான் வந்தது. அவன் வாயைத் திறந்து, கழுத்தில் விரலை வைத்துக் காட்டினான். அவளும் தன் கழுத்தில் விரலை வைத்துக்கொண்டாள்.

"மேனேஜர்கிட்டயும் இதேதானா? இல்ல, அவருக்கு வேற மாதிரி சொல்லணுமா?"

"இதேதான். யார்கிட்ட வேணா சொல்லலாம்."

அவள் மூச்சை இழுத்துக் கத்தினாள். பின்னறையில் படம் வரைந்துகொண்டிருந்த குழந்தை பயந்துபோய் வாசலில் வந்து நின்றது. ஒன்றும் இல்லை, அம்மா படிக்கிறேன் என்று அதற்குச் சொல்லிவிட்டு, சரியாக வந்ததா என்று அண்ணனைக் கேட்டாள். கேட்கும் என்றான் அவன். இன்னும் இரண்டு மூன்று தடவை கத்திப் பார்த்தாள். தொண்டை கட்டிப்போனதும் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.